சம்பந்திக்கு நான் கொடுத்த இங்கிலீஷ் மரியாதை

என்னைப் பார்த்து ஒருவர் 'யூ' என்று சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். சொன்னவர் என் மகளுக்கு மாமியாராக வரவிருந்தவர். இடம், சிரம்பான் ரஹாங்கில் அவர் வீட்டு முன்கூடம். எனக்கோ ஐம்பது வயது தாண்டிவிட்டது. தோட்டத்தில் என்னை அக்கா என்று கூப்பிடாதவன் கிடையாது. மில் மேனேஜர்கூட மலாயில் ஒரு 'காக்' போட்டு, அதாவது அக்கா என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். இந்த அம்மாளோ என்னைப் பார்த்து 'யூ' என்றார், என் கணவரைப் பார்த்து 'யூ' என்றார், பிறகு சோபாவில் ஏற வந்த பூனையைப் பார்த்தும் 'யூ' என்றார். அதே குரல், அதே 'யூ'. பூனையாவது முறைத்துவிட்டு இறங்கிப் போனது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு "யெஸ், யெஸ்" என்றேன்.

சுவா பக்கத்தில், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிகளை மில் வாசலில் எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. கணவருக்கு அதே தோட்டத்தில் டிராக்டர். என் இங்கிலீஷ் முழுவதும் அந்த எடைச் சீட்டில் அச்சடித்த நாலைந்து சொற்களுக்குள் அடங்கும். அதோடு, கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் சொல்ல "சாரி பாஸ், சிஸ்டம் டவுன்" என்று ஒன்று வைத்திருக்கிறேன். அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன், ஒரு குறையும் இல்லை.

மகள் சிரம்பானில் மருந்தாளர். தெமியாங்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கூட வேலை செய்கிற ரஹாங் பையன்தான் வேண்டும் என்றாள். பையன் தங்கம். அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். சிலோன் தமிழ்க் குடும்பம். அவர் தாத்தா காலத்தில் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள். எங்கள் ஆட்கள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள். போதாததற்கு அந்த அம்மாள் இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஒரே ஒரு பயம்தான். தோட்டத்துக்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது. வந்தால் அது என்மேல் விழாது, அங்கே வாழப்போகிற என் மகள்மேல்தான் விழும்.

முதல் நாள் வாசலில் அவர் எங்களைத் தமிழில்தான் வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. உள்ளுக்கு வந்து இருங்கோ. ஆறுதலாக் கதைப்பம்" என்றார், நிதானமாகப் பேசுவோம் என்பதற்கு. என் கணவருக்குச் சிரிப்பு என்பது கட்டுக்குள் நிற்காத சமாச்சாரம். தும்மலை அடக்குவது மாதிரி ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. யாரும் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. தேநீர் வந்தது, பலகாரத் தட்டு வந்தது. அதன்பிறகு பேச்செல்லாம் ஆங்கிலம். அந்தப் பூனையும் அப்போதுதான் வந்தது.

திரும்பி வரும்போது காரிலேயே மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாடி அந்தம்மா, பூனைக்கும் யூ, எனக்கும் யூ?"

"அம்மா, இங்லீஷ்ல எல்லாருக்கும் யூ தான்மா. ராஜாவா இருந்தாலும் யூ தான்."

"அப்ப மரியாதைக்கு என்னா பண்றாங்க?"

"அது மனசுல இருக்கும்மா."

"மனசுல இருக்கறது எதுக்க உக்காந்திருக்கவளுக்கு எப்படிடி தெரியும்?"

பதில் இல்லாத இடத்தில் நானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வது என் வழக்கம், என் கஷ்டங்களில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். தமிழில் 'வா' என்றால் பிள்ளைக்கு. 'வாங்க' என்றால் பெரியவர்களுக்கு. 'வருகை தர வேண்டுகிறோம்' என்றால் அமைச்சருக்கு. மரியாதை ஏற ஏறச் சொல் நீளுகிறது. மலாயை எடுத்துக்கொண்டால், நாம் சாப்பிட்டால் 'மாக்கான்'. அதே சோற்றை அரண்மனையில் சாப்பிட்டால் தொலைக்காட்சியில் 'சந்தாப்' என்கிறார்கள். சொல்லே வேறு. ஆக, எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் மரியாதைக்கென்று தனிச் சொல் இருக்கிறது. உலகத்தையே ஆண்ட மொழியில் இல்லாமலா போகும்?

ஆதாரமும் கிடைத்தது. எங்கள் மில் வாசலில் லாரிக்காரர்களுக்கு ஒரு பலகை உண்டு, 'நோ என்ட்ரி' என்று. அதே 'வராதே'யைத் தலைமை அலுவலகம் மேனேஜருக்குக் கடிதமாக எழுதும்போது நாலு வரி பிடிக்கும். லாரிக்காரனுக்குக் குட்டைச் சொல், மேனேஜருக்கு நெட்டைச் சொல். அப்புறமென்ன, ஆங்கிலத்தில் மரியாதை சொல்லின் நீளத்தில்தான் இருக்கிறது! கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு கோப்பை காப்பி குடித்தேன். கணவரிடம் சொன்னேன். "சரி லா" என்றார். அவர் அப்படிச் சொன்னால் காதில் வாங்கவில்லை என்று பொருள்.

கைப்பேசியில் ஒரு செயலி இறக்கிக்கொண்டேன். தினம் காலையில் ஒரு பெரிய ஆங்கிலச் சொல் வரும். ஒரு பெண் குரல் அதை இனிமையாக உச்சரிக்கும், கீழே பொருள் இருக்கும். நான் செல்லாத எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டினேன். வீடு என்பதற்கு 'டொமிசைல்'. ஆரம்பிப்பதற்கு 'கமென்ஸ்'. வியர்ப்பதற்கு 'பர்ஸ்பைர்'. சாப்பிடுவது, குடிப்பது இரண்டுக்கும் சேர்த்து 'கன்ஸ்யூம்', இது ரொம்ப வசதி. பெருந்தன்மைக்கு 'மேக்னானிமஸ்'. இதைச் சொல்லும்போது வாய் நிறைய வடையை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அதனாலேயே அது மிகப் பெரிய மரியாதையாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேலே மேக்னானிமஸ், எண்ணெய்ப் போத்தலுக்கு மேலே பர்ஸ்பைர். தாளிக்கும்போது இரண்டையும் மந்திரம் மாதிரிச் சொல்லுவேன்.

பழகுவதற்கு ஆள் வேண்டுமே. ஒரு நாள் எடைமேடைக்கு வெளியே காத்திருந்த எங்கள் ஊர் லாரிக்காரத் தம்பியிடம், மேடையில் ஏறுவதைத் தாங்கள் கமென்ஸ் செய்யலாம் என்ற பொருளில் மைக்கில் ஒரு வாக்கியம் சொன்னேன். லாரி நகரவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். அவன் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தான்.

"என்னாக்கா, நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டனா?"

"உன்ன உள்ள வரச் சொன்னேன்டா!"

"அத வாடான்னு சொல்ல வேண்டியதுதான லா. பயந்துட்டேன்."

மரியாதை கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தெரியாத பயல் என்று அவனை மனதுக்குள் திட்டினேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் அங்கேயே உறைக்காது.

ரஹாங் அம்மாள் அடிக்கடி கைப்பேசியில் செய்தி அனுப்புவார். எல்லாம் சின்னச் சின்ன ஆங்கிலம். பசியாறியாச்சா என்று கேட்பார். அங்கே மழையா என்பார். இதற்கு ஒரு பதில் எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'எம் இல்லத்தார் அனைவரும் காலைச் சிற்றுண்டியை இனிதே அருந்தி நிறைவெய்தினோம். தங்கள் மேன்மைமிகு இல்லத்தாரும் அவ்வண்ணமே அருந்தியிருப்பர் என நம்புகிறோம்.' மழையா என்று கேட்டதற்கு, எம் டொமிசைலைச் சூழ்ந்த வானிலை 'இன்க்ளெமென்ட்', அதாவது மோசம், என்று எழுதினேன். முக்கியமாக, 'யூ' என்ற சொல்லை நான் தொடவே இல்லை. அவர் என்னைப் பூனையோடு சேர்த்தால் சேர்த்துக்கொள்ளட்டும், நான் அவரை ஒரு தடவைகூட 'யூ' போட்டுப் பேசமாட்டேன் என்று இருந்தேன்.

பிறகு மாங்காய் வந்தது. அதாவது மாங்காயின் படம் வந்தது. அவர் வீட்டுப் பின்பக்கத்து மரம் குலுங்கிக்கொண்டு நிற்கிறது, ஒரு பை நிறைய அனுப்பட்டுமா என்று கேட்டார். மாங்காய் என்றால் எனக்கு உயிர். ஆனால் அன்று காலை செயலியில் வந்த சொல் 'டிக்ளைன்', மறுப்பது. வந்த சொல்லை வீணாக்குவானேன்? அதோடு சுவரில் ஒட்டியிருந்த மேக்னானிமஸும் சும்மா இருந்தது. தங்கள் பெருந்தன்மைமிக்க கொடையை யாம் பணிவுடன் மறுக்கிறோம் என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்த வாக்கியத்தின் அழகை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். மத்தியானம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாளில் அவருடைய செய்திகளும் மாறின. பசியாறியாச்சா என்பதெல்லாம் நின்றுவிட்டது. நான் எழுதினால் 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்று வந்தது. மில் ஆபீசில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது மாதிரி! என் மரியாதை அவருக்கு எட்டிவிட்டது, அவரும் மரியாதையில் இறங்கிவிட்டார் என்று பூரித்துப்போனேன். நிச்சயத்துக்கு எப்போது வருவீர்கள் என்று, இருப்பதிலேயே நீளமான சொற்களாகப் பொறுக்கிக் கேட்டேன். 'இன் டியூ கோர்ஸ்' தெரிவிப்பதாகப் பதில் வந்தது. உரிய காலத்தில்! கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களா, எவ்ளோ மரியாதையா எழுதியிருக்காங்கன்னு."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இன் டியூ கோர்ஸா? நம்ம கூரை ஒழுகுதுன்னு ஆபீசுல சொன்னேன்ல, அதுக்கும் இதான் லா எழுதிக் குடுத்தான். இன்னமும் வாளிதான் வெச்சிருக்கோம்."

எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. கூரையும் கல்யாணமும் ஒன்றா என்று கேட்டேன். ஆனால் அன்று மழை பெய்தபோது வாளியில் விழுந்த சொட்டுச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, உனக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"யாருடி சொன்னா புடிக்கலன்னு?"

"அவங்கம்மா சொல்றாங்களாம். ஒரு வார்த்த மனுஷங்க மாதிரி பேச மாட்டேங்கற, மாங்காய குடுத்தாக்கூட வேணாங்கற. 'எங்கள கிட்டவே சேத்துக்க மாட்டேங்கறாங்க, எதுக்கு இந்தச் சம்பந்தம்'னு கேக்கறாங்களாம்."

"நான் எவ்ளோ மரியாத குடுத்திருக்கேன் தெரியுமா?"

"அது மரியாத இல்லம்மா, வக்கீல் நோட்டீசு. எங்க ஆஸ்பத்திரில ஆள வேலைய விட்டுத் தூக்கறப்பதான் அப்படி எழுதுவாங்க."

அவள் பொறுமையாக விளக்கினாள். நெருங்கினவர்களிடம் ஆங்கிலத்தில் சின்னச் சொல்தானாம். பெரிய சொல்லெல்லாம் ஆளைத் தள்ளி நிறுத்திப் பேசத்தானாம். மில் வாசல் லாரிக்காரத் தம்பி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இருந்தாலும் உடனே தோற்றுவிடுவேனா? செயலியைத் திட்டினேன், வெள்ளைக்காரனைத் திட்டினேன், டீச்சராக இருந்தவருக்கு இதுகூடவா புரியாது என்று கேட்டேன். மகள், அந்த அம்மாள் கடைசியாக மகனிடம் சொன்னதை மட்டும் சொன்னாள். 'மனமில்லாத வீட்டிலிருந்து பெண் எடுக்க வேண்டாம், அந்தப் பிள்ளைதான் இரண்டு பக்கமும் கிடந்து அவதிப்படும்' என்றாராம்.

அந்தப் பிள்ளை என்றது என் மகளை. நான் எதற்குப் பயந்து இத்தனை கூத்தும் அடித்தேனோ, அதே பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. அதுவரை கோபமாக இருந்தது அத்தனையும் பயமாக மாறியது. என் மகளின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டு, அதை அடுப்பங்கரைச் சுவரில் வேறு ஒட்டிவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே கணவரைக் கிளப்பினேன். வழியெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லச் சின்னச் சின்ன ஆங்கிலமாக யோசித்துக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. எதை எடுத்தாலும் மேக்னானிமஸ் முந்திக்கொண்டு வந்து நின்றது. ரஹாங் வந்ததும் கணவர், "நீ போயி பேசு, நான் கார்லயே இருக்கேன்" என்று மர நிழலில் வண்டியை நிறுத்தி இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் வீட்டு உடையில், குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "யூ?" என்றார். நான் வாயைத் திறந்தேன். முன்னறிவிப்பின்றித் தங்கள் டொமிசைலில் நுழைந்தமைக்கு என்று ஆரம்பித்து அதே நெட்டை இங்கிலீஷ்தான் வந்து விழுந்தது. அவர் முகம் மூடிக்கொண்டது. குழாயை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, முதல் நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"நேராக் கேக்கிறன். உங்களுக்கு எங்களில விருப்பம் இல்லையோ?"

அவர் தமிழில் கேட்கிறார். நான் தமிழில் பதில் சொல்லலாம். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. ஆனால் இத்தனை நாளாக அவருக்கென்று மட்டும் மனதில் ஆங்கிலத்தையே சேர்த்துவைத்த நான், அவர் முகத்தைப் பார்த்ததும் அதில்தான் தேடினேன். வெறுப்புக்கு எனக்கு நாலைந்து சொல் தெரியும், செயலி சொல்லிக்கொடுத்திருந்தது. பிடித்திருக்கிறது என்பதற்கு, செயலிக்கு முன்பே எப்படியோ காதில் விழுந்திருந்த ஒன்றுதான் இருந்தது.

"நோ, நோ. ஐ லைக் யூ" என்றேன். "வெரி மச் லைக் யூ." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் அவரை 'யூ' என்றுவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தமிழ் தானாக வந்தது. பூனையில் ஆரம்பித்து மாங்காய்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். 'வா, வாங்க, வருகை தர வேண்டுகிறோம்' என்று என் கண்டுபிடிப்பையும் விளக்கினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பூனையோட பூனையா உங்களையும் சேத்துப்போட்டன் எண்டு நினைச்சியளோ? ஐயோ, கடவுளே!"

"நீங்க மொதல்லயே தமிழ்ல பேசியிருந்தா இந்த வம்பே இல்லம்மா" என்றேன் நான், விட்டுக்கொடுக்காமல்.

அவர் சிரிப்பு நின்றது.

"நான் தமிழிலதானே தொடங்கினனான். அண்டைக்கு உங்கட அவர் சிரிச்சவர் எல்லே? என்ர தமிழைக் கேட்டுத்தான். இங்க தமிழ் ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சிரிக்கிறவை. எனக்கு வெக்கமாப் போச்சுது. அதாலதான் இங்லீசுக்குப் போனனான்."

தும்மல் மாதிரி வந்த அந்த ஒரு சத்தம்! அதற்காகவா நான் தினம் காலையில் எழுந்து அந்தப் பெண் குரலோடு மல்லுக்கட்டினேன்? அதற்காகவா மாங்காய் இல்லாமல் சோறு தின்றேன்?

அவர் உள்ளே போய் ஒரு போத்தலோடு வந்தார். "நீங்கள் வேண்டாமெண்ட மாங்காய்தான். ஊறுகாய் போட்டனான்" என்று கையில் வைத்தார். வருகிற மாதம் தாம்பூலம் மாற்ற வருவதாகவும் சொன்னார். நான் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கார் கதவைத் திறந்தேன். கணவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன்.

"மொத நாளு அந்தம்மா பேசினப்ப சிரிச்சீங்களா?"

"நானா? எப்ப?"

அவ்வளவுதான். ஆளைத் தள்ளி நிறுத்தி வைப்பதற்கென்றே உள்ள சொற்கள் என்று மகள் சொன்னாளே, அவை அத்தனையும் எனக்குள் செலவாகாமல் கிடந்தன. ரஹாங் முனையில் கமென்ஸ் செய்தேன். சிரம்பான் தாண்டி, போர்ட்டிக்சன் சாலையில் திரும்பி, சுவா வரும்வரை நிறுத்தவில்லை. டிக்ளைன், இன்க்ளெமென்ட், வெறுப்புக்கான அந்த நாலைந்து, ஒன்றையும் விடவில்லை. அவர் நன்றாகவே பர்ஸ்பைர் ஆனார். தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டி திரும்பும்போது தாங்கமுடியாமல் கெஞ்சினார்.

"திட்றதுதான் திட்ற, தமிழ்லயே திட்டு லா."

ஊறுகாய்ப் போத்தலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசல்வரை அவரிடம் நான் தமிழ் பேசவில்லை.